சித்தியின் கும்பிடுபூச்சி நோட்டு

போன வாரம் நம் பள்ளித்தோழிகள் வாட்ஸப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். அவள் வீட்டு வாசல் வேப்பமரத்தின் அடிமரத்தில் ஒரு கும்பிடுபூச்சி. கீழே உங்கள் பதில்களாக வரிசையாகக் கைகூப்பும் பொம்மைப் படங்கள். அப்புறம் உங்களில் ஒருத்தி எழுதினாள்: "இவளைக் கேளுங்கப்பா. எட்டாவதுல கும்பிடுபூச்சிக்குப் பரிசு வாங்கினவ ஆச்சே." எல்லாரும் என்னைக் கேட்டீர்கள். "இது பட்டைக்காரன்" என்று மட்டும் எழுதிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்தப் பெயரை எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள். அது என் சித்தி வைத்த பெயர். அந்தப் பரிசும் அவளுடையதுதான். இவ்வளவு காலம் உங்களில் ஒருத்தியிடமும் நான் இதைச் சொன்னதில்லை. அன்றைக்கு எனக்காகக் கைதட்டியவர்கள் நீங்கள். அதனால் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருந்தது உங்களுக்குத் தெரியும். தெருவில் பாதி வீட்டில் தறி ஓடும். எங்கள் வீட்டில் தறி இல்லை. அப்பாவுக்குத் தெருமுனையில் மளிகைக் கடை. சித்தப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள்கிழமை விடியலில் போய்விடுவார். நாம் எட்டாவது படித்த அந்த வருஷம் ஆவணியில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்த சித்தி திருமுக்கூடல்காரி. ஆற்று மணலிலும் கரைப் புதரிலும் வளர்ந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். மேலே படிக்க வேண்டும் என்று கேட்டு, அதற்குப் பதிலாகக் கல்யாணத்தைப் பெற்றவள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம், அவள் வாரத்தில் ஆறு நாள் எங்கள் வீட்டில் பேச ஆளில்லாமல் இருந்தாள் என்பதுதான். அம்மா நல்லவள், ஆனால் வேலை சொல்வதற்கு மட்டும் வாய் திறப்பாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். சித்தி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு முருங்கைக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் துணியெல்லாம் தோளில் கிடந்தது.

"இன்னா சித்தி பாக்குற?"

"சத்தம் போடாதம்மா. அது ஈயப் பாத்துக்கினு இருக்குது. நான் அதப் பாத்துக்கினு இருக்கேன்."

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஓர் இலை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. முக்கோணத் தலை, இரண்டு பெரிய கண்கள், முன்னங்கால்களை மடித்துக் கும்பிட்டபடி. எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒரு கும்பிடுபூச்சிதான் உண்டு, அது பச்சையாக இருக்கும். சித்தி சிரித்தாள். "இது எலைக்காரி. இவ ஒருத்திதான்னு நெனச்சியா? வா, சனிக்கெழம காட்றேன்."

அப்படித்தான் நாங்கள் ஐயம்பேட்டை போகும் சாலையில் இருந்த ஒரு மாந்தோப்புக்குப் போக ஆரம்பித்தோம். கோயிலுக்கு என்று சொல்லிக் கிளம்புவோம். போகிற வழியில் கோயிலுக்கும் போவோம், பொய்யாகிவிடக் கூடாது என்று. தோப்பின் வேலியோரம் காரை முள், அப்பால் தரிசு நிலம், புல். அங்கே சித்தி எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. அவள் பார்ப்பாள், நான் கூட நிற்பேன். பெரும்பாலும் எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. கொய்யாப் பழம் கிடைக்கும் என்பதால் போனேன்.

ஆனாலும் சில விஷயங்கள் மறக்கவில்லை. மாமரத்தின் அடிமரத்தில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு சப்பையாக ஒன்று இருக்கும். கிட்டே போனால் பறக்காது. மரத்தைச் சுற்றி மறுபக்கம் நழுவிவிடும். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். அதுதான் பட்டைக்காரன். புல்லுக்குள் ஒன்று, கோரைத் தண்டு மாதிரியே மெலிந்து நீண்டது. அதன் கண்கள் கொம்பு மாதிரி கூர்ந்திருக்கும். பூவில் காத்திருக்கும் சின்னது ஒன்று, அது பூக்காரி. சிறகில் கண் வரைந்தது போல வட்டம். முள்செடியின் காய்ந்த சுள்ளியில் ஒன்று. கழுத்து நூல் போல, காலில் சருகு சருகாகத் தொங்கும். காற்றே இல்லாதபோதும் அது காற்றில் ஆடுகிற மாதிரி தானே ஆடும். அதற்குச் சுள்ளிக்காரி என்று பெயர். அதைக் கண்டுபிடித்த அன்று சித்தி வெகுநேரம் மண்ணில் குந்தியே இருந்தாள். எழுந்தபோது அவள் கால் மரத்துப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டில் சேலைக்கு டிசைன் போடுகிறவர் இருந்தார். பொடிக் கட்டம் போட்ட தாளில் மயிலும் மாங்காயும் வரைவார். அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய தாள்களைச் சித்தி வாங்கிவந்து, படம் விழாத பகுதிகளை வெட்டியெடுத்து, பின்பக்கம் கோந்து தடவி ஒட்டி, ஒரு நோட்டாகத் தைத்துக்கொண்டாள். கட்டங்களை எண்ணி எண்ணிப் பூச்சிகளை அளவாக வரைந்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எங்கே இருந்தது, எந்தச் செடி, என்ன தின்றது என்று சின்ன எழுத்தில் எழுதினாள். மத்தியானம் அம்மா கண்ணயரும் நேரத்தில், அரிசி டின்களுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் இதெல்லாம் நடக்கும். அந்த நோட்டில் பென்சில் வாசனையும் அரிசித் தவிட்டு வாசனையும் சேர்ந்து அடிக்கும்.

மார்கழியில் ஒருநாள் அவள் நோட்டைப் பிரித்துப்போட்டுத் தாள்களை வேறு மாதிரி அடுக்கினாள். ஏன் என்று கேட்டேன்.

"எடத்த வெச்சுப் பிரிச்சேம்மா. புல்லுல இருக்கிறதெல்லாம் ஒரு குடும்பம், மரத்துல இருக்கிறதெல்லாம் ஒரு குடும்பம்னு. தப்பு பண்ணிட்டேன். புல்லுல இருந்தா யாரா இருந்தாலும் புல்லு மாதிரிதான் ஆகணும். இல்லன்னா காக்கா தூக்கினு போயிடும். அத வெச்சு சொந்தம் சொல்ல முடியாது. முட்டக்கூடு எப்படிக் கட்டுது, முன்னங்கால்ல முள்ளு எப்படி இருக்குதுன்னு பாக்கணும்."

பிற்காலத்தில் நான் விலங்கியல் படித்தேன். இப்போது பெரிய ஆராய்ச்சியாளர்களே, வாழும் இடத்தால் உருவம் ஒத்துப்போன கும்பிடுபூச்சிகளை ஒரே குடும்பம் என்று தவறாகச் சேர்த்துவிட்டோம் என்று சொல்லி, மரபணுவைப் பார்த்து மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அரிசி டின்தான் ஞாபகம் வந்தது.

தோப்புக் காவல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதுக்குள் இருப்பார். தோப்பு மூலையில் ஓலைக் குடிசை, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நாங்கள் போனால் தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளித்தான் நிற்பார். அந்தப் பத்தடி ஏன் என்பது எனக்கு அப்போதே தெரியும். நம் எல்லாருக்குமே தெரிந்துதான் இருந்தது. சித்திக்குத்தான் அது பிடிக்காது. "கிட்ட வந்து காட்டுங்கண்ணா, எந்தக் கெளன்னு தெரியல" என்பாள். அவர் துரட்டியால் தூரத்திலிருந்தே காட்டுவார்.

ஒரு சனிக்கிழமை காலையில் எங்களைப் பார்த்ததும் அவர் அவசரமாகக் கையசைத்தார். எலுமிச்சைக் குச்சியில் நுரை காய்ந்தது போல ஒட்டியிருந்த முட்டைக்கூடு பொரிந்துகொண்டிருந்தது. எறும்பு அளவு குஞ்சுகள் ஒவ்வொன்றும் ஒரு நூலில் தொங்கிக்கொண்டு கீழே கீழே இறங்கின. எறும்புகள் ஏறிவிடாமல் அவர் அடித்தண்டில் ஈரச் சாம்பல் பூசி வைத்திருந்தார். அவர் பெண்கள் இருவரும் நானும் சித்தியும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். அவர் மனைவி எங்களுக்கு மோர் கொண்டுவந்து, கொடுக்கலாமா என்று தயங்கி நின்றாள். சித்தி எழுந்துபோய் வாங்கிக் குடித்தாள். நான் வேண்டாம் என்றேன்.

தை பிறந்ததும் நம் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி என்று சயின்ஸ் டீச்சர் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் எரிமலையும் காற்றாலையும் செய்தீர்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. சித்தியிடம் நோட்டைக் கேட்டேன்.

"பாத்து நீயே வரஞ்சிக்கோ. மூணே நாள்ல திருப்பிக் குடுத்துடணும்" என்றாள்.

நான் வரைந்து பார்த்தேன். என் பூச்சிகள் பல்லி மாதிரி இருந்தன. மூன்றாம் நாள் அவளுடைய நோட்டுக்கே பழுப்பு அட்டை போட்டு, என் பெயரையும் வகுப்பையும் எழுதி, டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அட்டை போடும் முன் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன், அதனால் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

பெற்றோர் வரும் நாளில் அம்மாவுக்கு வேலை இருந்தது. சித்தியை அனுப்பிவிட்டாள். நான் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தேன், தலைமையாசிரியை தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எங்கே பார்த்தே?" என்று கேட்டார். "ஆத்தங்கரையில நானே தேடிப் பாத்தேன் மிஸ்" என்று சொல்லி நிமிர்ந்தால், அவருக்குப் பின்னால் சித்தி.

தலைமையாசிரியை திரும்பி, "நீங்க யாரும்மா?" என்றார்.

"இவளோட சித்திங்க."

"நீங்க ஏதாவது உதவி பண்ணீங்களா?"

சித்தி நோட்டைப் பார்த்தாள், அட்டையில் என் பெயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. அது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"இல்லீங்க. அவளேதான் செஞ்சா."

முதல் பரிசு எனக்கு. எவர்சில்வர் டிபன் பாக்ஸும் ஒரு சான்றிதழும். நீங்கள் கைதட்டினீர்கள். அப்பா சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நோட்டை வேறொரு கண்காட்சிக்கு அனுப்புவதாக டீச்சர் வாங்கிவைத்துக்கொண்டார். அது திரும்பி வரவே இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது சித்தி திட்டவில்லை. "பூக்காரிக்குப் பக்கத்துல ஒண்ணு எழுதாம விட்டிருந்தேன். நோட்டு வந்ததும் குடு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அவளோடு தோப்புக்குப் போகவில்லை. அவள் தனியாகப் போனாள்.

மாசியில், ஐயம்பேட்டைச் சாலையில் மாவு மில் வைத்திருந்தவர் கடைக்கு வந்து அப்பாவிடம் ஏதோ குனிந்து பேசிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சித்தப்பா நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா சமையற்கட்டு நிலைப்படியில் நின்றாள். அப்பாதான் கேட்டார்.

"தோப்புக்கு இன்னாத்துக்குப் போன?"

"பூச்சி பாக்கப் போனேன் மாமா" என்றாள் சித்தி.

"பூச்சியா? பூச்சி பாத்தது என் பொண்ணு. நோட்டு போட்டுப் பரிசு வாங்கினது ஊருக்கே தெரியும். நீ இன்னா பூச்சி பாத்த? அந்தக் காவக்காரன் எந்தத் தெரு ஆளுன்னு தெரியுமா உனக்கு?"

"அவரு என்ன எப்பவும் தங்கச்சி மாதிரிதான் பாத்தாரு. அவரு பொண்டாட்டியும் கூடவேதான் இருப்பாங்க. அந்த நோட்டு நான் போட்டது மாமா."

அம்மா குறுக்கே வந்தாள். "ஸ்கூல்ல கேட்டப்ப அவளேதான் செஞ்சான்னு நீயே சொன்னியாமே. டீச்சர் சொன்னாங்க எங்கிட்ட."

என்னைக் காப்பாற்றச் சித்தி சொன்ன பொய் அவள் வாயையே அடைத்துவிட்டது. அப்பா என் பக்கம் திரும்பினார். என்னிடம் பேசும்போது அவர் குரல் எப்போதும் தணிந்துவிடும்.

"நீ சொல்லும்மா. அந்தப் படமெல்லாம் யாரு போட்டது?"

இந்த இடத்தை எத்தனையோ தடவை மனதுக்குள் வேறு மாதிரி நடத்திப் பார்த்திருக்கிறேன். பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் என் கண்ணில் வந்து நின்றது கடையில் மாட்டிய அந்தக் கண்ணாடிச் சட்டம். அதைக் கழற்றுவார்கள், வாடிக்கையாளர்கள் ஏன் என்று கேட்பார்கள், உங்களுக்கெல்லாம் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"நான்தான்" என்றேன்.

"நீ இவகூடத் தோப்புக்குப் போயிருக்கியா?"

"இல்லப்பா."

சித்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. மறுபடி கேட்டால் நான் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று காத்திருக்கிற மாதிரி ஒரு பார்வை. கொஞ்ச நேரம் கழித்து அதையும் விட்டுவிட்டாள். சித்தப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ஒரு மாசம் அவங்க வூட்ல இருந்துட்டு வரட்டும்ணா." அந்த ஒரு மாதம் முடியவே இல்லை. அடுத்த வருஷம் அவருக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் கௌரவமாக முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே அப்பாவும் தெருவில் இன்னும் இரண்டு பேரும் சைக்கிளில் தோப்புக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது அப்பாவின் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் வேறு பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தராசில் கை வைக்காதவர் என்று பெயர் எடுத்தவர். என் வார்த்தையை நம்பித்தான் போனார். நம்பினால் ஓர் ஆளை அடிக்கலாம் என்று அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்டதில்லை.

இரண்டு நாள் கழித்துப் பள்ளி விட்டு வரும்போது காவல்காரரைச் சாலையில் பார்த்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹாண்டில்பாரில் பானைகள், பின்னால் பாய்ச்சுருட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மனைவி தலையில் மூட்டையோடு பின்னால் வந்தாள். சின்னப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையாட்டினாள். உங்களில் ஒருத்தி என்னோடு வந்துகொண்டிருந்தாள், "யாருடி அது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

அந்தப் பரிசால்தான் அப்பா என்னைக் கல்லூரியில் விலங்கியலில் சேர்த்தார். அதனால்தான் டீச்சர் வேலை கிடைத்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுத்தேன். கும்பிடுபூச்சி வரும் பக்கத்தை மட்டும் "நீங்களே படிச்சுக்கங்க" என்று விட்டுவிடுவேன். அப்பா கடைசிவரை அந்தச் சான்றிதழைத் துடைத்து வைத்தார். அவரிடமும் சொல்லவில்லை. அவர் போன பிறகு இனி யாருக்குச் சொல்லி என்ன என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் குழுவில் கேட்ட மறுநாள் நான் திருமுக்கூடலுக்கு பஸ் ஏறினேன். சித்தி இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. கோயிலுக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டதுமே, "ஜாக்கெட் தைக்கிற அம்மாவா?" என்று வழி காட்டினார்கள். அண்ணன் வீட்டை ஒட்டி ஓர் அறை. வாசலைப் பார்த்தபடி தையல் மிஷின். சித்திக்கு எழுபது வயது. என்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். யார் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"தலையெல்லாம் நரச்சுப்போச்சே. உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

குடித்தேன். உடம்பு, பிள்ளைகள், வெயில் என்று பேசினாள். அம்மா போய்விட்டதைச் சொன்னதும் "ஐயோ" என்றாள். பூச்சியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியில் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"சித்தி, அன்னிக்கு நான் உண்மையச் சொல்லியிருக்கணும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நீ குழந்தை, உனக்கு என்ன தெரியும் என்று சொல்வாள்; நான் அழுவேன்; அவள் தேற்றுவாள். இந்த வயதிலும் என் கற்பனை அதைத் தாண்டவில்லை.

"ஆமா" என்றாள் சித்தி. "சொல்லியிருக்கணும்."

குரலில் குத்தல் இல்லை. ஒரு தையலின் அளவு சரியில்லை என்று சொல்வதுபோல இருந்தது. மிஷினில் கிடந்த ஜாக்கெட்டைத் திருப்பிப்போட்டுக்கொண்டு பேசினாள்.

"எனக்கு அண்ணன் வூடு இருந்துது. இந்த மிஷினு இருந்துது. எப்படியோ காலம் போயிடுச்சு. அந்தக் காவக்காரரு இன்னா ஆனாரு? அந்த ரெண்டு பொண்ணுங்க?"

"தெரியல சித்தி."

"எங்க போனாங்கன்னு விசாரிச்சியா?"

ஐயம்பேட்டை எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம். அந்த வழியாக எத்தனை கல்யாணத்துக்கும் சாவுக்கும் போயிருக்கிறேன்.

"இல்ல" என்றேன்.

சித்தி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.